வட்டி தருபவர் எதிலிருந்து தருகிறார்?

(‘குடும்பச் சேமிப்பும் நிறுவனக் கடன் பத்திரங்களும்’ எனும் தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



தாப்பாவில் வசிக்கும் ஒருவரை மனத்தில் எண்ணிக் கொள்ளுங்கள். பெற்றோர் மரம் சீவிய தோட்டத்தை விட்டு வந்து, 30 ஆண்டு காலம் தொழிற்சாலையில் உழைத்தவர். 55 வயதாகிறது. ஊழியர் சேமநிதியில் 80,000 வெள்ளி இருக்கிறது. சேதி தெரிந்ததும் தெரிந்தவர் ஒருவர் வீடு தேடி வருகிறார். “அண்ணே, பணத்தை ஏன் சும்மா போட்டு வைக்கிறீங்க? கம்பெனி பத்திரம் ஒன்று இருக்கிறது. மாதம் 5 விழுக்காடு வட்டி. நிலையான வருமானம்” என்கிறார்.

அந்தப் பணம் மகளின் படிப்பு, கூரை மாற்றும் செலவு, முதுமைக்கால மருந்து எல்லாம் சேர்ந்தது. ஒரு முறை போனால் மறுபடி சேர்க்க இன்னொரு 30 ஆண்டு இல்லை. எனவே, பத்திரம் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக அறிந்து கொள்வது நல்லது.

பங்கு வேறு, பத்திரம் வேறு

பங்கு வாங்குகிறவர் நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவராகிறார். இலாபம் வந்தால் கிடைக்கும், வராவிட்டால் இல்லை. போட்ட பணத்தை எந்த நாளில் திருப்பித் தருவோம் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. 1980களில் சுமார் 66,000 இந்தியர்கள் 10 கோடியே 60 லட்சம் வெள்ளியை மைக்கா ஹோல்டிங்ஸ் பங்குகளில் போட்டனர். கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 2010இல், பங்கு ஒன்றுக்கு 80 காசு கொடுத்து வாங்கிக் கொள்ள ஒரு நிறுவனம் முன்வந்தது. அந்தக் காத்திருப்பின் வலியை நம் சமுதாயம் அறியும்.

பத்திரம் அப்படியல்ல. அது கடன். வாங்குகிறவர் கடன் கொடுத்தவர், நிறுவனம் கடன்காரர். இவ்வளவு வட்டி, இந்தத் தேதியில் முதல் திரும்பும் என்று எழுதித் தரப்படுகிறது. இஸ்லாமிய முறையில் வெளியிடப்படும் சுக்குக் என்பதில் வட்டிக்குப் பதிலாக இலாப விகிதம் இருக்கும். ஆனால், எழுதித் தந்தவரிடம் பணம் இருந்தால்தான் எழுத்துக்கு மதிப்பு.

நெடுஞ்சாலை தரும் பாடம்

இதற்கு உதாரணம் தாப்பாவிலேயே இருக்கிறது. தாப்பா டோல் சாவடியைக் கடக்கும் ஒவ்வொரு காரும் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி, கடன் கொடுத்தவர்களுக்குப் போய்ச் சேருகிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனம், 2012 ஜனவரியில் 3,060 கோடி வெள்ளிக்கு சுக்குக் வெளியிட்டது. அப்போது உலகிலேயே ஆகப் பெரிய சுக்குக் வெளியீடு அதுதான்.

அவ்வளவு பெரிய கடனை எந்த நம்பிக்கையில் கொடுத்தார்கள்? நாள்தோறும் வண்டிகள் ஓடுகின்றன; டோல் வசூலாகிறது; வரும்படி கண்ணுக்குத் தெரிகிறது. 2020 பிப்ரவரியில் டோல் கட்டணம் 18 விழுக்காடு குறைக்கப்பட்டபோது, 2038இல் முடிய வேண்டிய உரிம காலம் 2058 வரை நீட்டப்பட்டது. வரும்படி குறையலாம், கடன் குறையாது. அதைக் கட்ட நீண்ட காலம் தேவைப்படுகிறது. பத்திரத்தின் இரகசியம் முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது.

பிளஸ் நிறுவனத்தில் ஊழியர் சேமநிதி வாரியத்திற்கு 49 விழுக்காட்டுப் பங்கு உண்டு. நாட்டில் பத்திரங்களை வாங்கிக் குவிக்கும் பெரிய அமைப்புகளிலும் அது ஒன்று. ஆக, சேமநிதியில் பணம் வைத்திருக்கும் தாப்பாத் தொழிலாளி தமக்குத் தெரியாமலேயே பல நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்தவராக இருக்கிறார்.

1997 கற்றுத் தந்தது

வளரும் நாடுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அது நாணயத்தின் மதிப்பு. 1997க்கு முன் ஒரு டாலர் சுமார் 2 வெள்ளி 50 காசு. அன்று 10 கோடி டாலர் கடன் வாங்கிய நிறுவனத்தின் கடன் 25 கோடி வெள்ளி. நெருக்கடியில் வெள்ளி சரிந்து, 1998 செப்டம்பரில் டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று நிலைநிறுத்தப்பட்டது. அதே கடன் 38 கோடி வெள்ளியானது. தொழிலில் தவறு செய்யாதவரும் தடுமாறினார். அதன்பிறகே, நீண்ட காலத் திட்டங்களுக்கு வெள்ளியிலேயே பத்திரம் வெளியிடும் சந்தை இங்கு வேகமாக வளர்ந்தது.

உத்தரவாதம் இருந்தால் போதுமா?

‘அரசாங்க உத்தரவாதம்’ என்ற சொல்லைக் கேட்டதும் பலர் கண்ணை மூடிக் கையெழுத்திடுவார்கள். 2009இல், பின்னர் 1எம்டிபி எனப் பெயர் மாறிய நிறுவனம், அரசாங்க உத்தரவாதத்துடன் 500 கோடி வெள்ளிக்கு 30 ஆண்டுப் பத்திரம் வெளியிட்டது. ஆண்டு விகிதம் 5.75 விழுக்காடு; அதாவது ஆண்டுக்கு 28 கோடியே 75 லட்சம் வெள்ளி. நிறுவனம் நொடித்துப் போனாலும் பத்திரம் வைத்திருப்பவருக்கு ஆபத்தில்லை. உத்தரவாதம் அவரைக் காக்கிறது. ஆனால், அந்தச் சுமை மக்களின் வரிப்பணத்தின் மீது விழுந்தது. கடன் பணம் எதற்குப் போகிறது என்று தொடக்கத்தில் கேட்காததன் விலை அது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இப்போது தாப்பா அண்ணனின் வீட்டுக்குத் திரும்புவோம். மாதம் 5 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 60 விழுக்காடு. 2013 பிப்ரவரியில் டானாஇன்ஃப்ரா நிறுவனம் அரசாங்க உத்தரவாதத்துடன் பொதுமக்களுக்கென்று 30 கோடி வெள்ளிக்குப் பத்திரம் வெளியிட்டபோது, தந்த விகிதம் ஆண்டுக்கு 4 விழுக்காடு. நல்ல நிறுவனத்திற்கு 5, 6 விழுக்காட்டில் கடன் கிடைக்கும்போது, 60 விழுக்காடு தருகிறேன் என்று ஒருவர் தாப்பா வரை ஏன் வர வேண்டும்? வேறு யாரும் அவரை நம்பவில்லை என்பதுதான் பொருள். அதிக வட்டி என்பது பரிசல்ல, சந்தேகத்தின் விலை.

ஆகவே கேட்க வேண்டியவை: வரும்படி எங்கிருந்து வருகிறது? ராம் அல்லது மார்க் நிறுவனம் என்ன தரம் கொடுத்திருக்கிறது? பிபிபி தரத்திற்குக் கீழே இருந்தால் ஆபத்து அதிகம். தரமே இல்லாத பத்திரம் என்றால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். விற்பவருக்கு செக்யூரிட்டிஸ் கமிஷனின் உரிமம் உண்டா? இடையில் பணம் தேவைப்பட்டால் யார் வாங்குவார்?

கடைசிக் கேள்வி முக்கியம். 4 விழுக்காடு தரும் 10,000 வெள்ளிப் பத்திரம் முதிர 10 ஆண்டு இருக்கும்போது சந்தை விகிதம் 5 ஆனால், இன்று விற்றால் சுமார் 9,230 வெள்ளிதான் கிடைக்கும். வங்கிச் சேமிப்புக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை பிடிம் காப்பீடு உண்டு. பத்திரத்திற்கு அது கிடையாது.

55 வயதானதும் சேமநிதியை எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 100 வயது வரை அங்கேயே வைத்திருந்து இலாப ஈவு பெறலாம். வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு சட்டப்படி உறுதி. 2024ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது 6.30 விழுக்காடு. உபரிப் பணம் உள்ளவர்கள் பத்திரத்தில் போடட்டும். பல நிறுவனங்களின் பத்திரங்களில் பிரித்துப் போடும் யூனிட் டிரஸ்ட் வழியும் உண்டு. அடுப்பெரிக்கும் பணத்தைத் தொட வேண்டாம்.

1960இல் துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் 10 வெள்ளியாகச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, பணம் நிலம் வாங்கப் போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இன்று காகிதத்தில் வரும் எந்தத் திட்டத்திலும் அதே தெளிவைக் கேட்பது நம் மக்களின் உரிமை. கடன் கேட்டு வருகிறவர் நிறுவனமே ஆனாலும், கொடுப்பவர் கேள்வி கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.