மலையடிவாரத்தில் ஓர் ஊர்: அலிபிரியும் திருப்பதியும்



ஒரே தொழிலை நம்பி வளர்ந்த ஊர்கள் எப்படி மாறுகின்றன என்று பேசப் பணித்திருக்கிறீர்கள். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர்ப் பக்கம் சால்ட்டேர் என்றொரு சிற்றூர் உண்டு. டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி முதலாளி 1853இல் அங்கே ஆலை திறந்தார். தொழிலாளருக்கு வீடும் தேவாலயமும் பள்ளியும் அவரே கட்டிக்கொடுத்தார். 1986இல் ஆலை மூடப்பட்டது. இன்று அந்தக் கட்டடத்தில் ஓவியக்கூடம் நடக்கிறது. நம் பக்கத்தில் விக்கிரமசிங்கபுரம் அப்படி வளர்ந்த ஊர். பாபநாசத்து அருவியை நம்பி ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய பஞ்சாலை அதன் உயிர்.

திருப்பதியையும் இந்த வரிசையில் வைக்கிறேன். பெருமாளை ஆலை முதலாளி ஆக்கிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். நான் பேசுவது மலையைப் பற்றியல்ல, அடிவாரத்தைப் பற்றி. அடிவாரத்தின் பிழைப்பு ஒரே கணக்கில் அடங்கும்: மலைக்குப் போகிறவர் கீழே எவ்வளவு நேரம் தங்குகிறார்?

ஒரு காலத்தில் நிறையவே தங்கினார். 1891இல் ரயில் வந்த பிறகும் மலைக்கு நடைதான், முடியாதவர்களுக்கு டோலி. கோவிந்தராஜர் கோயிலைச் சுற்றிய சத்திரங்களில் இறங்கி, கபில தீர்த்தத்தில் குளித்து, அலிபிரியில் ஏறத் தொடங்குவார்கள். கட்டுச்சோறு, தேங்காய், சூடம் என்று ஊர் அவர்களை நம்பி வாழ்ந்தது.

1944இல் மலைப்பாதை திறந்தது. பல மணி நேர ஏற்றம் பேருந்துப் பயணமாகச் சுருங்கியது. 1974இல் இரண்டாவது பாதையும் வந்து, ஏற ஒன்று இறங்க ஒன்று என்றானது. காலையில் வந்தவர் இரவே ஊர் திரும்பலாம் என்றால் சத்திரத்துக்கு என்ன வேலை? அடிவாரம் தேய்ந்துபோகும் என்றுதான் கணக்குப் போட்டிருப்பார்கள். நடந்தது வேறு. வழி சுலபமானதும் கூட்டம் பல மடங்கானது. கூட்டம் பெருகியதும் வரிசை நீண்டது. பாதையில் மிச்சப்பட்ட நேரத்தை வரிசை விழுங்கிவிட்டது.

நடைபாதை மட்டும் அதிகம் மாறவில்லை. அலிபிரியில் உள்ள பாதாள மண்டபத்தில் பெருமாளின் உலோகப் பாதுகைகளைத் தலையில் தாங்கி வலம் வருகிறார்கள். அங்கிருந்து சுமார் 3,550 படி. வேண்டிக்கொண்ட பெண்கள் குனிந்து குனிந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டுச் சூடம் ஏற்றிப் போவார்கள். பின்னால் வருகிறவர் பாதத்திலெல்லாம் மஞ்சள் ஒட்டும். முழங்கால் முறிச்சான் என்ற செங்குத்தான ஏற்றத்தில் இன்றும் எல்லோருக்கும் மூச்சு வாங்கும். புரட்டாசியில் மஞ்சளுடுத்தி வருகிற நம்மூர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று மாறியிருக்கிறது: மூட்டையைச் சுமக்க வேண்டியதில்லை. கவுண்டரில் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டால் கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானமே மேலே சேர்த்துவிடுகிறது. 2023 ஆகஸ்டில் பாதையில் சிறுத்தை ஒரு சிறுமியைக் கொன்றபின் கையில் தடியும் கொடுத்தார்கள்.

இன்று அடிவாரத்தின் நேரத்தை ஆள்வது தரிசன டோக்கன். அலிபிரியில் பூதேவி வளாகம், ஊருக்குள் சீனிவாசம், விஷ்ணு நிவாசம் என்று பக்தர் மறுபடி கீழே காத்திருக்கிறார். ஆனால் பெரும்பாலும் தேவஸ்தானத்தின் கூரைக்கடியில், அதன் கெடுபிடிக்குள். பழைய சத்திரத்துக்காரருக்கு இதில் பங்கு குறைவு. இந்தக் காத்திருப்பு ஆபத்தாகவும் முடிந்திருக்கிறது: 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்கான நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள்.

ஆலை ஊர்களுக்கு வந்த கதி இந்த ஊருக்கும் ஒரு முறை வந்தது. கொரோனாவால் 2020 மார்ச் 20 அன்று தரிசனம் நின்றது. பொதுமக்கள் மறுபடி மலையேறியது ஜூன் 11இல். இடைப்பட்ட நாட்களில் ஜீப்காரர், பூக்காரர், லாட்ஜ் பையன் என்று யாருக்கும் வேறு தொழில் கிடையாது. சால்ட்டேர் ஓவியத்துக்கு மாறிக்கொண்டது. திருப்பதி எதற்கு மாறும்? 1954இல் வந்த பல்கலைக்கழகமும் பிறகு வந்த மருத்துவமனைகளும் ஓரளவு தாங்குகின்றன. அவற்றிலும் பல தேவஸ்தானத்தை அண்டியே எழுந்தவை.

2023 செப்டம்பரில் சீனிவாச சேது மேம்பாலம் முழுமையாகத் திறந்தது. யாத்திரை வண்டிகள் கடைத்தெருவுக்கு மேலேயே பறந்து மலையடிக்குப் போய்விடுகின்றன. புகை குறைந்தது, நல்லது. வியாபாரம் யார் பக்கம் நகர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

அதே ஆண்டு, தேவஸ்தான வரவுசெலவில் ஒரு சதவீதத்தை நகர வளர்ச்சிக்கு ஒதுக்கலாம் என்று அறங்காவலர் குழு முடிவெடுத்தது. பக்தர் உண்டியலில் போட்டது சாக்கடை கட்டவா என்ற எதிர்ப்பு எழுந்தது. மாநில அரசு அனுமதிக்கவில்லை. எதிர்த்தவர்களின் பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாக்கடையைப் பாதி நிரப்புகிறவர்களும் பக்தர்கள்தாமே. தம் ஆலையில் உழைத்தவர்களுக்கு வீடு கட்டிய சால்ட்டுக்கும் அதில் லாபக் கணக்கு இருந்திருக்கும், இருந்தாலும் கட்டினார். எவ்வளவு, எதற்கு, யார் கணக்குக் கேட்பது என்பதையெல்லாம் பேசி முடிவு செய்யலாம். ஒதுக்கவே கூடாது என்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை.