எழுத்தும் விரிவும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, அத்தொழிலை நம்பி மாதுங்காவில் வந்திறங்கிய தலைமுறையின் வழிவந்தோர் நம்முள் பலர். அப்பெரியோர் குறிப்பேட்டில் இட்ட கோடு, விரித்தெழுதத் தெரிந்தவர்க்குக் கடிதம். தெரியாதவர்க்கு வெறுங் கீறல்.

இன்று நம் பிள்ளைகள் கணிப்பொறித் துறையில் புகுந்து டி.சி.பி. என்றும் எச்.டி.டி.பி. என்றும் பேசுகின்றனர். விரிவு யாதெனின் விழிக்கின்றனர். நேர்முகத் தேர்வில் இதே வினாவுக்குத் திகைத்து நின்ற இளைஞர் நம் செம்பூரிலேயே உண்டு. எழுத்தை மனப்பாடம் செய்தவர், பொருளைக் கேட்டாரில்லை.

இறுதியில் நிற்கும் 'பி' என்பது புரோட்டோகால். கிரேக்க மொழியில் அதற்கு 'முதலில் ஒட்டிய தாள்' என்பது பொருள். பாப்பிரஸ் சுருளின் முகப்பில் ஒட்டிய ஏட்டைக் குறித்த சொல், பின்னர் அரசவை ஒழுங்கைக் குறித்தது. இன்று கணிப்பொறிகள் தம்முள் உரையாடும் நெறிமுறையைக் குறிக்கிறது.

ஐ.பி. என்பது 'இன்டர்நெட் புரோட்டோகால்': உறைமேல் முகவரி எழுதி வழிகாட்டுவது. டி.சி.பி. என்பது 'டிரான்ஸ்மிஷன் கண்ட்ரோல் புரோட்டோகால்': துண்டு துண்டாகச் சென்ற செய்தியை வரிசைப்படுத்தி, சேராததை மீண்டும் அனுப்பச் செய்வது. 1974-ஆம் ஆண்டில் வின்ட் செர்ப், பாப் கான் ஆகிய இருவரும் வகுத்தபோது இவ்விரு வேலையும் ஒன்றாகவே இருந்தன. பின்னர் வேலை பிரிந்தது, பெயரும் பிரிந்தது. அஞ்சலுக்குரிய எஸ்.எம்.டி.பி.யின் முதலெழுத்தோ 'சிம்பிள்', அதாவது எளிமை! விரித்துப் பார்த்தால், ஒவ்வொரு பெயரும் தன் கடமையைத் தானே கூறுகிறது.

இது அயலார் கதையன்று. 1980-களில் இந்நாட்டில் தொடங்கிய 'எர்நெட்' என்பதன் விரிவு, கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு. அதற்கு உழைத்தவற்றுள் ஒன்று, இந்நகரிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம். அதன் இயக்குநராயிருந்த ஸ்ரீனிவாசன் ரமணி அவர்கள், 2014-இல் உலக இணையப் புகழ் மன்றத்தில் இடம்பெற்றார்.

பிள்ளைகளே! உங்கள் பெயரின் முன் நிற்கும் எழுத்தும் ஒரு சுருக்கமே. அதனுள் தந்தையின் பெயர் உறைகிறது. சிலர்க்கு நெல்லைச் சீமையின் ஒரு சிற்றூரும் உறைகிறது. இந்நகரின் படிவங்கள் அதை விரிக்கச் சொல்லும்போது, விரிக்க அறியாது நின்ற குழந்தைகளையும் நாம் கண்டுள்ளோம். துறைச் சொல்லாயினும் சொந்தப் பெயராயினும், எழுத்தைக் கேட்ட இடத்திலேயே பொருளையும் கேளுங்கள். பெற்றோர்களே! அவர்கள் கேட்கும்போது சொல்லுங்கள், கேளாவிடினும் சொல்லுங்கள்.