உயிர்த்த ஞாயிறுப் படுகொலை: பொறுப்பாளிகள் யாவர்?



2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு காலையில், கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், தலைநகரின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் ஞாயிறு வகுப்புக்கு வந்த பச்சிளஞ் சிறார்களும் மாண்டனர். இக்கொடுமைக்குப் பொறுப்பாளிகள் யாவர்?

குண்டைச் சுமந்து வந்தோரை நாடறியும். சஹ்ரான் ஹாசிமும் அவன் கூட்டாளிகளும் தாம் வெடிக்கவைத்த குண்டுகளிலேயே மடிந்தனர். இஸ்லாமிய அரசு என்னும் இயக்கம் இரண்டு நாட்களின் பின் அச்செயலுக்கு உரிமை கோரியது. அத்துடன் கணக்குத் தீர்ந்துவிட்டதா? இல்லை!

ஏப்பிரல் 4ஆம் நாளே இந்தியப் புலனாய்வுத் துறையினர் இலங்கைக்கு எச்சரிக்கை விடுத்தனர். பதினேழு நாட்கள் வீணே கழிந்தன. ஆலயங்களுக்கு ஒரு வார்த்தை சொல்வார் இல்லை. உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் 2023 ஜனவரி 12ஆம் நாள் இதனைக் கடமை தவறிய செயலெனக் கண்டனர். முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், பொலிஸ் மாஅதிபராயிருந்த பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவராயிருந்த நிலந்த ஜயவர்தனவும் தலைக்கு 7½ கோடி ரூபாவும், பாதுகாப்புச் செயலாளராயிருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி ரூபாவும் தத்தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தனர்.

அத்தீர்ப்பை நாம் வரவேற்கிறோம். ஆனால், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கேட்பது பணத்தையா? எச்சரிக்கையை ஏன் கிடப்பில் போட்டனர், கொலைஞருக்குப் பின்னால் நின்றோர் உண்டா என்றே அவள் கேட்கிறாள். அதற்கு விடை கூறும் கடமை அரசினுடையது.

மற்றொன்றையும் கூறுவோம். அவ்வாண்டு மே மாதத்தில் குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் குற்றமறியா முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. இந்த அநீதியின் சூட்டை நாம் அறிவோம். 1983 ஜூலையில், திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதற்காகக் கொழும்பிலே எத்தனை தமிழர் வீடுகள் எரிந்தன! சிலரின் குற்றத்தை ஓர் இனத்தின் தலையில் சுமத்தினால் உண்மைக் குற்றவாளிக்கே அது மறைவிடமாகும்.

ஆகவே, இனத்தின் பெயரைச் சொல்லாதீர். ஆட்களின் பெயரைச் சொல்லுங்கள். ஏவியோர் உளரேல் அவரையும், அறிந்தும் வாளாவிருந்தோரையும் பதவி பாராது நீதியின் முன் நிறுத்துங்கள். அதுவரை நாம் ஓயோம்.