விழா முடிந்த பின் மரம்



ஜனவரித் திங்களின் முதல் வாரம் கழிந்ததும், தில்லி, மும்பை போன்ற நகரங்களில் சில தெருக்களில் ஒரு காட்சியைக் காணலாம். குப்பைத் தொட்டியின் அருகே ஒரு மரம் சாய்ந்து கிடக்கும். அதன் கிளையில் வெள்ளிச் சரிகை இழை இரண்டொன்று இன்னும் சிக்கியிருக்கும். பத்து நாட்களுக்கு முன் குழந்தைகள் சுற்றி நின்று மகிழ்ந்த கிறிஸ்துமஸ் மரந்தான் அது. ஜனவரி 6ஆம் நாளாகிய மூவரசர் திருநாள் கழிந்தவுடன் அதற்கு வீட்டில் இடமில்லாது போயிற்று. விருந்தாக வந்ததை வழியனுப்பும் முறை இதுதானா?

பிற நாட்டார் சிலர் இம்மரத்தை எவ்வாறு பயன்கொள்கின்றனர் என்பதை முதலிற் காண்போம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கடலோரச் சதுப்பு நிலம் நாளும் கரைந்து வருகிறது. அங்கே ஜெபர்சன் என்னும் மாவட்டத்தில், மக்கள் கழித்த மரங்களைத் திரட்டி, நீரில் நட்ட மரச்சட்டங்களுக்கிடையே அடுக்குகின்றனர். அலையின் வேகம் அதில் அடங்குகிறது, வண்டல் படிகிறது, புல் முளைக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் கடற்கரையிலோ மரங்களை மணலில் பாதி புதைத்து வைக்கின்றனர். காற்றில் பறக்கும் மணல் அவற்றில் தங்கி, மேடு உயர்கிறது. நியூயார்க் நகரத்தார் மரங்களைத் தூளாக அரைத்துப் பூங்காச் செடிகளின் அடியில் பரப்புகின்றனர். அந்நகரின் ராக்பெல்லர் சதுக்கத்துப் பெருமரம், 2007ஆம் ஆண்டு முதல் பலகையாக அறுக்கப்பட்டு, எளியோர்க்கு வீடு கட்டப் பயன்பட்டு வருகிறது.

இவை நகர சபைகளும் சங்கங்களும் செய்யும் பணிகள். வாடகை வீட்டில் வாழும் நாம் என்ன செய்யக் கூடும்?

நம்மவர் வீடுகளில் வைப்பது பெரும்பாலும் சவுக்குக் கிளை அல்லது சைப்ரஸ் கிளை. முதலில் சரிகை, பஞ்சு, கம்பி யாவற்றையும் ஒன்று விடாமல் நீக்குதல் வேண்டும். சரிகையும் கம்பியும் மண்ணில் மக்குவன அல்ல. சவுக்கில் ஊசியிலை போலத் தோன்றுவன மெய்யான இலைகள் அல்ல. கணுக்கணுவான சிறு கொம்புகளே. ஆதலின் அவை மெல்லவே மக்கும். விரலளவாக நறுக்கிக் காய்கறித் தோலோடு கலந்து வைத்தால் உரமாகும். நறுக்கியதைப் பூந்தொட்டியில் இரு விரற்கடை கனத்திற்குப் பரப்பினால், வடநாட்டுக் கோடையிலும் மண்ணின் ஈரம் எளிதில் வற்றாது. நடுத்தண்டோ மாடியில் வளரும் அவரைக் கொடிக்கு நல்ல ஊன்றுகோல்.

சில நாளில் போகி வருகிறதே, அத்தீயில் இட்டுவிடலாம் என்று எண்ணுவோரும் உளர். அது தகாது. உலர்ந்த கிளை நொடியில் பற்றி எழும். ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சரிகை நச்சுப் புகை தரும். பனிக்காலத்தில் அப்புகை மேலெழாது, குழந்தைகள் மூச்சு விடும் உயரத்திலேயே தங்கும். திறந்த வெளியில் குப்பை எரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் விலக்கின என்பதையும் நினைவிற் கொள்வோமாக.

இனி, தொட்டியோடு வாங்கும் உயிர்மரம். அது பெரும்பாலும் அரக்கேரியா இனம். விழா முடிந்தபின் நாமே ஒருமுறை அத்தகைய மரத்தை அறையிலிருந்து எடுத்து, நேரே மொட்டைமாடி வெயிலில் வைத்தோம். சில நாட்களில் இலை பழுப்பேறிற்று. பங்குனிக்குள் மரம் பட்டுவிட்டது. அதற்கென நாள்தோறும் நீர் வார்த்த சிறுமகள் கேட்ட கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. வெயிலுக்கு அதனைச் சிறிது சிறிதாகப் பழக்கியிருக்க வேண்டும் என்பதைப் பின்னரே அறிந்தோம். மேல்மண் உலர்ந்த பிறகே நீர் விடுதல் வேண்டும். வேரடியில் நீர் தேங்கலாகாது. நுனிக் குருத்தைக் கிள்ளவும் கூடாது. கிள்ளினால் மரம் பின்னர் நேராக ஓங்காது.

இவ்வாறு பேணினால், அடுத்த மார்கழியில் அதே மரம் ஒரு சாண் உயர்ந்து மீண்டும் கூடத்திற்கு வரும். ஊர் விட்டு ஊர் வந்து, வேர் பிடிக்கும் அருமையை நாம் நன்கு அறிவோம். நம் வீட்டுக்கு வந்த மரத்திற்கும் அந்த வாய்ப்பினை அளிப்போமாக.