சிகிச்சைக்குப் பின் வரும் கவலைகள்
(பழவேற்காட்டு மீனவ மக்களிடையே ஆற்றிய உரை)



கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக் குப்பங்களுக்குத் திரும்பும் பெண்களைப் பற்றிப் பேச விழைகின்றோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றிய நாள் தொட்டு அங்கே குணமடைந்தோர் பலர். ஆயினும் வீடு திரும்பியபின் ஒரு துளி உதிரம் கண்டாலும் நெஞ்சு நடுங்குகிறது. வெளியிற் சொல்லவோ நாணம் தடுக்கிறது.

உதிரம் கண்டதனாலேயே நோய் மீண்டுவிட்டது என்று முடிவு செய்தல் ஆகாது. கதிர்ச் சிகிச்சையால் மலக்குடல் புண்பட்டு, மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தும் மலத்துடன் இரத்தம் வரலாம். அதற்கு மருத்துவம் உண்டு. காரணம் இன்னதென மருத்துவர்தாம் சோதித்துக் கூறவேண்டும்.

கால் வீக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறுவோம். இடுப்பிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றினாலோ, அவற்றின்மீது கதிர் பட்டாலோ, காலில் நீர் தேங்கக்கூடும். இதனை யானைக்கால் என்று கருதி ஒதுக்குதல் அறியாமை. ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவும் பெண்களுக்குச் சிப்பி கிழித்த சிறு காயமும் அக்காலில் கிருமி புகக் காரணமாகலாம். காயத்தை உடனே சோப்பிட்டு நல்ல நீரில் கழுவுக. கால் சிவந்து காய்ச்சல் கண்டாலும், திடீரெனப் பருத்து வலித்தாலும் அன்றே பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுக.

நோய் மீளுமாயின் பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுகளிலேயே மீளும். பாடு முறையில் தம் நாளை மறவாத மீனவத் தோழர்கள், மனைவியின் பரிசோதனை நாளையும் குறித்து வைப்பார்களாக. உதிரம் கண்டால் அந்நாள் வரை காத்திருக்கவும் வேண்டா. அன்றைய கூலி போகுமே எனத் தயங்கும் குடும்பத்திற்கு வழிச்செலவும் துணைக்கு ஓர் ஆளும் தர ஊர்ப் பொதுநிதி முன்வரட்டும்.