முதலில் டேப், பிறகு மவுஸ்

(நமது அறக்கட்டளை தொடங்கியுள்ள கணினி வரைபட வகுப்பின் முதல் நாளில், வளைகுடாவில் வரைவாளராகப் பணியாற்றித் திரும்பிய சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை)





எனக்கு மேடைப் பேச்சு வராது. இருபது வருடமாகத் திரையைப் பார்த்துக் கோடு போட்டவன். அதனால் கோட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் முதன்முதலில் சபர் போனது ஹெல்பர் விசாவில். கம்பி வளைக்கும் இடத்தில் வேலை. ஐம்பது டிகிரி வெயில் என்று கதை அளக்க மாட்டேன், ஆனால் மதியம் கம்பியை வெறுங்கையால் தொட முடியாது. அந்த சைட்டில் ஒரு சின்ன அறை இருந்தது. அங்கே ஒருவர் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். அவர் அறையிலிருந்து ஒரு தாள் வெளியே வரும். அந்தத் தாளில் உள்ளபடி நாங்கள் நாற்பது பேர் நாள் முழுக்கக் கம்பி வளைப்போம். ஒரு நாள் தாளில் ஓர் எண் தப்பு. மறுநாள் நாற்பது பேரும் வளைத்ததை ஓரமாகப் போட்டுவிட்டு மறுபடி வளைத்தோம். அன்றைக்குத்தான் அந்த அறையில் நடப்பது என்ன வேலை என்று எனக்கு உறைத்தது. அவர் பெரிய பொறியாளர் என்று நினைத்திருந்தேன். விசாரித்தால், பத்தாவது முடித்து ஐடிஐயில் இரண்டு வருட டிராப்ட்ஸ்மேன் படிப்பு படித்தவர்.

லீவில் ஊருக்கு வந்தபோது நானும் கற்றுக்கொள்ளப் போனேன். ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம். ஒரு மாதத்தில் திரையில் உள்ள எல்லாப் பொத்தானையும் காட்டினார்கள். சான்றிதழும் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அவர்கள் சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கையால் கிறுக்கிய ஒரு படத்தைக் கொடுத்து, 'ஒரு மணி நேரத்தில் வரைந்து கொடு' என்றார்கள். எனக்கு வரவில்லை. பொத்தான் எது என்று தெரியும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது.

பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மென்பொருள் தெரிவது வேறு, வரையத் தெரிவது வேறு. இந்த வகுப்பில் மென்பொருளை நான்கைந்து வாரத்தில் காட்டிவிடுவோம். வரைவது கைக்குப் பழக ஆறு மாதமாவது வீட்டில் உட்கார வேண்டும். அதைச் செய்யாத பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கும் தாளும் வெறும் தாள்தான்.

என் காலத்துக்கு முன்னால் இருந்தவர்கள் பலகையில் டிரேசிங் தாளை ஒட்டி மை பேனாவில் வரைவார்கள். ஒரு கோடு தப்பினால் பாதி பிளேடால் மையைச் சுரண்டுவார்கள். பிரிண்ட் எடுத்தால் அறை முழுக்க அம்மோனியா நெடி. கணினித் திரையில் நேரடியாக வரையலாம் என்று அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் 1963இல் செய்து காட்டினார். அப்போது அதற்கு ஓர் அறை அளவு கணினி வேண்டியிருந்தது. மேசைமேல் வைக்கும் கணினிக்கு ஆட்டோகேட் வந்தது 1982 டிசம்பரில். இன்றைக்கு வேலை விளம்பரங்களில் அதிகம் பார்ப்பது அந்தப் பெயர்தான்.

இங்கே நாம் தொடங்கப்போவது லிப்ரேகேட் என்ற மென்பொருளில். காரணம் எளிது. அது இலவசம், பழைய கணினியிலும் ஓடும். ஆட்டோகேட் விலை கொடுத்து வாங்க வேண்டியது. அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் படிக்கும் மாணவர்களுக்கு அந்தக் கம்பெனியே இலவசமாகத் தருகிறது, வருடம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பாலிடெக்னிக், கல்லூரி போகும் பிள்ளைகள் அதை வாங்கிக்கொள்ளுங்கள். யாரோ பென்டிரைவில் கொண்டுவரும் திருட்டு நகல் மட்டும் வேண்டாம். அதில் வைரஸும் சேர்ந்து வரும். அதோடு, ஹலாலான சம்பாத்தியத்துக்காகப் படிக்கிற படிப்பைத் திருட்டுப் பொருளில் ஆரம்பிக்க வேண்டுமா?

லிப்ரேகேட்டில் ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது. ஆட்டோகேட்டின் சொந்தக் கோப்பு வகையான டிடபிள்யூஜியை அது அரைகுறையாகத்தான் திறக்கும், அந்த வகையில் சேமிக்கவே சேமிக்காது. டிஎக்ஸ்எஃப் என்ற பொதுவான வகையில்தான் சேமிக்கும். அதை ஆட்டோகேட் திறந்துகொள்ளும், தகடு வெட்டும் பட்டறைக்காரர்களும் கேட்டு வாங்குவது அதைத்தான். ஒன்றில் பழகிய கை மற்றதில் சில நாளில் பழகிவிடும்.

லேப்டாப் புதிதாக வாங்க வேண்டுமா என்று வாசலில் ஒரு தாய் கேட்டார்கள். வேண்டாம்மா. இரு பரிமாணப் படத்துக்குச் சாதாரணக் கணினி போதும். ஆனால் நடுவில் சக்கரம் உள்ள மவுஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். சக்கரத்தை உருட்டினால் படம் பெரிதாகும், சிறிதாகும். அழுத்திப் பிடித்தால் படம் நகரும். லேப்டாப்பில் விரலால் தேய்த்துக்கொண்டு வரைந்தால் ஒரு வாரத்தில் வெறுத்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். தாளில் வரையும்போது பெரியதைச் சிறிதாக்கி வரைவோம். கணினியில் அப்படியில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை என்றால், 3048 மில்லிமீட்டருக்கு 3658 என்று முழு அளவிலேயே வரைய வேண்டும். திரைக்கு எல்லை கிடையாது. பிரிண்ட் எடுக்கும்போதுதான் 1:50 என்று சொல்கிறோம். அப்போது அந்த அறை தாளில் 61க்கு 73 மில்லிமீட்டராக வரும். புதிதாக வருபவர்கள் வரையும்போதே ஐம்பதால் வகுக்கிறார்கள். பிறகு ஒரு கதவு மட்டும் வகுக்காமல் போய்விடும். அதேபோல வரையத் தொடங்குமுன் அலகு மில்லிமீட்டரா அங்குலமா என்று அமைத்துவிடுங்கள். ஒருவர் அங்குலத்தில் அனுப்பியதை மற்றவர் மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டால் 25.4 மடங்கு வித்தியாசம்.

அடுத்து, கண்ணை நம்பாதீர்கள். இது நான் காசு கொடுத்துக் கற்ற பாடம். ஊருக்குத் திரும்பிய புதிதில் ஒரு வீட்டு கேட்டுக்கு ஜாலி டிசைன் வரைந்தேன். இரண்டு தூணுக்கும் நடுவே உள்ளளவு 1185. நான் முதலில் உத்தேசமாக 1200 என்று வரைந்து வைத்திருந்தேன். சரியான அளவு வந்ததும் படத்தைத் திருத்த சோம்பல்பட்டு, அளவு காட்டும் இடத்தில் எண்ணை மட்டும் 1185 என்று கையால் மாற்றினேன். மென்பொருள் அதை அனுமதிக்கும். பார்ப்பதற்குப் படம் சரியாக இருந்தது. ஆனால் லேசர் இயந்திரம் எழுத்தைப் படிக்காது, கோட்டைத்தான் படிக்கும். தகடு 1200க்கு வெட்டி வந்தது. தூணுக்கு நடுவே நுழையவில்லை. டிசைன் ஓரம் வரை போவதால் அரைத்துச் சரிசெய்யவும் வழியில்லை. முழுத் தகட்டின் விலையும் என் கையிலிருந்து போனது. அன்றிலிருந்து அளவு எண்ணை நான் தட்டச்சு செய்ததே இல்லை. கோட்டைத் திருத்து, எண் தானாக மாறும்.

அறையை எப்படி வரைவது? கோடு என்ற கட்டளையைக் கொடுத்து ஒரு புள்ளியில் தொடங்குங்கள். பிறகு மவுஸை விட்டுவிட்டு விசைப்பலகையில் @3048,0 என்று அடியுங்கள். இருந்த இடத்திலிருந்து வலப்பக்கம் 3048 போ, மேலே போகாதே என்று அர்த்தம். அடுத்து @0,3658. அடுத்து @-3048,0. பிறகு தொடங்கிய இடத்தில் மூடு. அறை தயார். அதை வெளிப்பக்கம் 230 தள்ளி நகலெடுத்தால் ஒன்பது அங்குலச் சுவர். தள்ளி நகலெடுக்கும் கட்டளைக்கு ஆஃப்செட் என்று பெயர். மிஞ்சுவதை வெட்ட ட்ரிம். இந்த இரண்டும் கோடும் வட்டமும் தெரிந்தால் பாதி வீடு வரைந்துவிடலாம்.

கோடுகள் சந்திக்கும் இடத்துக்கு ஸ்னாப் என்ற வசதி உண்டு. கோட்டின் முனை, நடு, வெட்டும் புள்ளி, வட்டத்தின் மையம், இவற்றை அது கச்சிதமாகப் பிடித்துக் கொடுக்கும். அது இல்லாமல் கண்ணால் பார்த்துச் சேர்த்த மூலையைச் சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து தெரியும். அப்படி மூடாத வடிவத்துக்குப் பரப்பளவு கேட்டால் வராது. பட்டறைக்காரர் கோப்பைத் திருப்பி அனுப்புவார். ஒரே இடத்தில் இரண்டு கோடு மேல்மேலாகக் கிடந்தாலும் வம்புதான், இயந்திரம் அதே வழியில் இரண்டு முறை போய்த் தகட்டைக் கருக்கும்.

லேயர் என்பதை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுவர் ஒன்றில், கதவு ஜன்னல் ஒன்றில், மின்சாரம் ஒன்றில், அளவுகள் ஒன்றில். எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும்போது வேண்டாததை மறைத்துவிடலாம். இதற்கு மேல் இன்றைக்கு இதைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை.

டேப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு பேசியும் பயனில்லை. நம் தெருவில் உள்ள பழைய வீடுகளில் எத்தனை அறை சரியான சதுர மூலையோடு இருக்கிறது? நான் அளந்தவரை ரொம்பக் குறைவு. நான்கு சுவரை மட்டும் அளந்து வந்து திரையில் நேராக வரைந்தால், அந்த வீடு ஊரில் இல்லாத வீடு. அதனால் நான்கு சுவரோடு இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து வாருங்கள். எதிரெதிர் சுவர்கள் சமமாக இருந்து மூலைவிட்டங்கள் இரண்டும் சமமானால் மூலை சரி. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு அது பதினைந்தடி ஏழரை அங்குலத்துக்குப் பக்கத்தில் வரும். கொத்தனார் மூன்றடி, நாலடி, ஐந்தடி குறித்து மூலை பார்ப்பாரே, அதே கணக்குதான்.

மூலைவிட்டங்கள் சமமில்லை என்றால்? ஒரு சுவரை முதலில் வரையுங்கள். அதன் ஒரு முனையை மையமாக வைத்துப் பக்கச் சுவரின் நீளத்தை ஆரமாகக் கொண்டு ஒரு வட்டம். மறு முனையில் மூலைவிட்டத்தின் நீளத்தை ஆரமாகக் கொண்டு இன்னொரு வட்டம். அறையின் பக்கமாக இரண்டும் வெட்டும் இடம்தான் மூன்றாவது மூலை. அடுத்த மூலையும் அப்படியே. பள்ளியில் கவராயம் வைத்து முக்கோணம் வரைந்தோமே, அதுவேதான். நான் பத்தாவதில் அந்தக் கணக்கை விட்டுவிட்டுப் பரீட்சை எழுதியவன்.

வீட்டில் பழக ஒரு படம் தருகிறேன். பள்ளிவாசல் ஜன்னல் ஜாலிகளில் எட்டு முனை நட்சத்திரம் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலக் கைவினைஞர்கள் நேர்கோல், கவராயம் இரண்டை வைத்தே இதைப் போட்டார்கள். நீங்கள் -200,-200 புள்ளியிலிருந்து 200,200 வரை ஒரு சதுரம் வரையுங்கள். அசலை வைத்துக்கொண்டே நகலை 0,0 புள்ளியைச் சுற்றி 45 பாகை சுழற்றுங்கள். உள்ளே ஓடும் துண்டுகளை ட்ரிம் செய்தால் நட்சத்திரம். இப்போது அதன் பக்கம் ஒன்றை அளந்து பாருங்கள். 117.16 வர வேண்டும், பதினாறு பக்கமும். ஒன்று 117.2 என்று வந்தாலும் எங்கோ ஸ்னாப் இல்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆசிரியரைக் கேட்க வேண்டாம், படமே சொல்லிவிடும்.

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டிலிருந்தே இந்த வேலையைச் செய்யலாம் என்று சொல்லி உங்களை அழைத்திருக்கிறார்கள். உண்மைதான், செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அளவெடுக்கும் இடத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்காமல் வரைகிறவருக்கு, மற்றவர் எடுத்துத் தந்த அளவில் எது தப்பு என்று தெரியாது. வாப்பாவோ காக்காவோ துணைக்கு வரட்டும், போய் அளந்து வாருங்கள். அனுப்பி வையுங்கள் என்று பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. வீட்டு பிளான் வரையத் தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். வரைந்து கொடுங்கள். ஆனால் தூணில் எத்தனை கம்பி, பீம் எவ்வளவு ஆழம் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அது பொறியாளர் வேலை. அனுமதிக்குப் போகும் பிளானில் கையெழுத்திடவும் பதிவு பெற்றவர்தான் வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை வரும்போது உங்கள் வீட்டில் ஓர் அறையை அளந்து, கையால் கிறுக்கிய படத்தோடு வாருங்கள். நான்கு சுவர், இரண்டு மூலைவிட்டம், கதவு நிலை மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், சுவரின் தடிப்பு. ஒருவர் டேப்பின் நுனியைப் பிடிக்க வேண்டும், தனியாக அளக்காதீர்கள். கணினி எட்டுதான் இருக்கிறது, இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டியிருக்கும். ஒருவர் வரையும்போது மற்றவர் அளவைப் படித்துச் சொல்லட்டும். டேப் இல்லாதவர்கள் அலுவலகத்தில் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமை அஸருக்குள் திருப்பித் தந்துவிடுங்கள், அடுத்தவருக்கு வேண்டும்.