முதல் மாதவிடாய்க்கு முன்பே

பெற்றோர்களே, ஆட்டிசம் உள்ள நம் பெண்பிள்ளை பாலிகாகும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். மார்பு வளரத் தொடங்கினால், பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் மாதவிடாய் வந்துவிடும்.

திடீரென்று ரத்தத்தைக் கண்டால் அடிபட்டதென்று அவள் அஞ்சலாம். ஆகவே முன்கூட்டியே படம் வரைந்து காட்டுவோம். வாரம் ஒருநாள் சற்று நேரம் நாப்கின் அணியப் பழக்குவோம். உறுத்தினால் பருத்தித் துணியில் தைத்ததைக் கொடுத்துப் பார்ப்போம். பேச்சு வராத பிள்ளை வயிற்றுவலியை அழுதோ கையைக் கடித்தோ காட்டலாம். அதை அடம் என்று அதட்ட வேண்டாம்.

உம்மாவோடு தினமும் தொழுத பிள்ளை, “இன்று தொழுகை இல்லை” என்றால் தவித்துப்போவாள். அந்நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டுக் காட்டி, அதே நேரத்தில், அதே இடத்தில் அமர்ந்து திக்ரும் துஆவும் செய்ய வைப்போம். தண்டனை என்று அவள் நினைத்துவிடாதபடி, இது அல்லாஹ் தந்த சலுகை என்று சொல்லிக்கொடுப்போம்.